கிண்டிக்குப் போன முதல் பெண்கள்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் வளர்கின்ற நமக்குத் தொழிற்சாலை புதிதன்று. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ் என்று எல்லாவற்றையும் ‘ஆபீஸ்’ ஆக்கிவிட்ட ஊர்க்காரர்கள் நாம். காகிதக் குழாய் சுருட்டுவதும், திரி செருகுவதும், பெட்டி ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. நம் தாய்மாரிலும் பாட்டிமாரிலும் அந்த வேலை தெரியாதவர் குறைவு. ஆயினும் இயந்திரம் பழுதானால் அதைத் திறந்து பார்க்க வருகின்றவர் யார்? மின்சாரம் தடைபட்டால் பேனலைத் திறப்பவர் யார்? அநேகமாக ஆண்தான். பெண்ணின் கை வேலை செய்யலாம். ஆனால் வேலை செய்யும் கருவியை அவள் கை வடிவமைக்கலாகாது என்று எவரும் சட்டம் போடவில்லை. வழக்கம்தான் அப்படி அமைந்துவிட்டது.

இந்த வழக்கத்தை நம் மாநிலத்தில் முதன்முதலாக மீறியவர்கள் மூன்று இளம்பெண்கள். அவர்கள் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படித்து 1943-ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றனர். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்ன செய்வது என்று இப்பொழுதே வீட்டில் பேச்சு எழுந்திருக்கும் நம் மாணவியர்க்கு, இவர்களுடைய வரலாறு பாடநூலில் கிடைக்காத ஒரு பாடம்.

மூவரில் மூத்தவர் அ. லலிதா. முழுப் பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. தெலுங்கு பேசும் குடும்பம், வாழ்ந்தது சென்னையில். அவர் பிறந்தது 1919 ஆகஸ்டு 27. அதே 1919-இல்தான் இங்கிலாந்தில் பெண் பொறியாளர் சங்கம் தொடங்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டிய பெண்களைப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். போகமாட்டோம் என்றவர்கள் சேர்ந்து அமைத்த சங்கம் அது. சென்னையில் பிறந்த இந்தக் குழந்தைக்கும் அந்தச் சங்கத்துக்கும் பின்னாளில் உறவு ஏற்படப் போகிறது என்று அன்று யார் நினைத்திருப்பார்!

லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். வீட்டில் ஏழு குழந்தைகள். ஆண் பிள்ளைகள் பொறியியல் பக்கம் போனார்கள். பெண் பிள்ளைகளுக்கு அக்கால வழக்கப்படி அளவான படிப்பும் இளவயதுத் திருமணமும். லலிதாவுக்கு 15-ஆம் வயதில், 1934-இல், திருமணம் நடந்தது. அதன் பிறகும் பள்ளி இறுதி வகுப்பு வரை படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். 18-ஆம் வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த நான்கே மாதங்களில் கணவர் இறந்துவிட்டார்.

கைக்குழந்தையுடன் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய 18 வயது விதவைக்கு அந்நாளில் என்ன வாழ்க்கை காத்திருந்தது என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் பகுதியில் வெடிவிபத்தில் கணவனை இழந்து, பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இளம் தாய்மாரை நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த ஒரே விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்படி நிற்கும் பெண்ணிடம் உறவினர் கேட்பது, “இனி இவளை யார் பார்த்துக்கொள்வது?” என்ற கேள்விதான். லலிதா அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்டார்: என் குழந்தையை நானே காப்பாற்ற எனக்கு என்ன படிப்பு வேண்டும்?

முதலில் மருத்துவம் எண்ணத்துக்கு வந்தது. அதிலும் பெண்கள் அன்று இருக்கவே செய்தார்கள். ஆனால் இரவு பகல் பாராமல் அழைப்பு வந்தால் ஓட வேண்டிய தொழில் அது. குழந்தையை யார் கையில் விட்டுவிட்டு ஓடுவது? காலையில் போய் மாலையில் திரும்பக் கூடிய ஒரு தொழில் வேண்டும் என்று அவர் கருதினார். தந்தையும் அண்ணன் தம்பியரும் பேசிப் பேசிக் காதில் விழுந்த துறை பொறியியல். ஆகவே அதையே தேர்ந்தார். மின்சாரத்தின் மீது சிறுவயதிலேயே தீராத காதல், கனவு என்றெல்லாம் இதை அலங்கரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு தாய் கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது. நமக்கு அதுவே கூடுதல் மதிப்புடையதாகத் தோன்றுகிறது.

இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பை முதல் வகுப்பில் முடித்தார். பிறகு கிண்டி. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய அந்த நிறுவனத்தில் அதுவரை ஒரு பெண்ணும் மாணவியாக நுழைந்ததில்லை. சேரக் கூடாது என்று விதி இருந்ததா என்றால், எவரும் கேட்டதே இல்லை என்பதே உண்மை நிலை. தந்தை சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடமும், பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டேதமிடமும் பேசினார். இருவரும் இசைந்தனர். 1940-இல் லலிதா நான்காண்டு மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார்.

தந்தை அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்ததால்தானே இடம் கிடைத்தது என்று சிலர் கேட்கலாம். ஆம், அதனால் கதவு விரைவாகத் திறந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் திறந்த கதவுக்குள் போய்ப் பட்டறையில் அரம் பிடித்ததும், வரைபலகையில் நின்றதும், தேர்வு எழுதியதும் தந்தையல்லர். இதைப் படிக்கும் பெற்றோரிடம் நாம் வேறொன்றும் சொல்ல விரும்புகிறோம். சுப்பாராவ் தம் மகளுக்கு 15 வயதில் மணம் முடித்தவர்தாம், காலத்துக்குக் கட்டுப்பட்டவர்தாம். பின்னர் அதே தந்தை ஊர் என்ன சொல்லும் என்று பாராமல் மகளுக்காக இரண்டு அதிகாரிகளின் அறைவாசலில் போய் நின்றார்.

கல்லூரியில் உடன் படித்த மாணவர்கள் அவரைத் தொல்லைப்படுத்தவில்லை, உதவியாகவே இருந்தார்கள். துன்பம் விடுதியில்தான். நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் வளாகத்தில் அவர் ஒருவரே பெண். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் போய்ப் பார்த்து வருவார். பேச்சுத் துணையின்றித் தனிமையில் வாடும் மகளைக் கண்ட தந்தை, கல்லூரியில் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யும் ஏற்பாட்டை மேற்கொண்டார். அதைப் பார்த்து மலையாள நாட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் லீலாம்மா ஜார்ஜ். மற்றவர் பி. கே. திரேசியா. இருவரும் சேர்ந்தது கட்டடப் பொறியியல். லலிதாவுக்கு ஓராண்டு இளையவர்கள். ஆயினும் இரண்டாம் உலகப் போர் காரணமாகப் படிப்புக் காலம் குறுக்கப்பட்டதால் மூவரும் ஒன்றாகவே வெளிவந்தனர்.

பட்டச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அச்சிட்ட படிவம் முழுவதும் ஆண்பாலிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் ‘அவன்’ என்னும் பொருள்படும் சொல்லை மையால் அடித்துவிட்டு, மேலே ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நம் தமிழில் இந்தச் சங்கடம் இல்லை. ‘அவர்’ என்று ஒரு சொல்லைப் போட்டால் ஆணுக்கும் ஆயிற்று, பெண்ணுக்கும் ஆயிற்று, மரியாதையும் ஆயிற்று.

படிப்பு முடிந்ததும் ஜமால்பூர் இரயில்வே பட்டறையில் ஓராண்டு நேர்முகப் பயிற்சி. பின்னர் 1944 இறுதியில் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் வேலை. அங்கே சகோதரர் குடும்பத்தோடு தங்கிக் குழந்தையையும் வளர்த்தார். இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் பட்டத் தேர்வையும் எழுதினார். இரண்டாண்டுகளுக்குப் பின் அவ்வேலையை விட்டுத் தந்தையின் ஆராய்ச்சிக்கு உதவியாக வந்தார். சுப்பாராவ் மின்சாரத்தால் இசைக்கும் ஒரு கருவியையும், புகையில்லா அடுப்பையும் உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அடுப்பூதிக் கண் சிவந்த நம் பாட்டிமாருக்கு இசைக்கருவியைவிட அந்த அடுப்பின் மீதுதான் அக்கறை இருந்திருக்கும்.

ஆராய்ச்சி வயிற்றை நிரப்பவில்லை. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். 1977-இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கேயே பணி. மின்கடத்துத் தொடர்களை வடிவமைப்பது முதலில் அவர் வேலை. பின்னர் பாதுகாப்புக் கருவிகள், துணைமின் நிலையங்களின் அமைப்பு என்று பொறுப்பு வளர்ந்தது. சட்லெஜ் ஆற்றின் பக்ரா நங்கல் திட்டத்துக்கான மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவர் பங்கு உண்டு. அந்த அணை 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மின்கடத்துத் தொடரை வடிவமைப்பது என்றால் என்ன? மேல்வகுப்பு மாணவியர் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊருக்கு 100 கிலோவாட் மின்திறன் அனுப்ப வேண்டும். கம்பியின் மின்தடை 5 ஓம் என்று கொள்வோம். 10,000 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடுவது 10 ஆம்பியர். கம்பி சூடாகி வீணாகும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும்: 10 × 10 × 5 = 500 வாட். அதையே 20,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓடுவது 5 ஆம்பியர்தான்; வீணாவது 5 × 5 × 5 = 125 வாட். அழுத்தம் இரு மடங்காயிற்று; இழப்பு நான்கில் ஒன்றாயிற்று. அப்படியானால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். ஏற்ற ஏற்றக் கோபுரம் உயர வேண்டும், கம்பிகளுக்கிடையே இடைவெளி பெருக வேண்டும், பீங்கான் வளையங்கள் நீள வேண்டும், செலவு கூடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வதே பொறியாளரின் வேலை. விடை ஒன்றே ஒன்று என்பது பள்ளிக் கணக்கில்தான்.

அவர் செய்த இன்னொரு வேலையான பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நம் ஊருக்கு நேராகத் தொடர்புடையது அது. ஓரிடத்தில் கம்பி அறுந்தோ, உரசியோ அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால், அதை உடனே உணர்ந்து அந்தப் பகுதியை மட்டும் துண்டித்துவிடும் ஏற்பாடு அது. வீட்டில் ‘டிரிப் ஆகிவிட்டது’ என்கிறோமே, அதன் பெரிய வடிவம். எந்தப் பிழை நேரலாம் என்பதை முன்கூட்டியே எண்ணி, அது நேரும் நொடியில் ஆளின்றியே தடுக்கும்படி அமைப்பது.

நம் பட்டாசு ஆலைகளுக்கும் இந்தச் சிந்தனைதான் தேவை. மருந்துக் கலவை தீப்பற்ற வெளியிலிருந்து நெருப்பு வர வேண்டும் என்பதில்லை. உராய்வு போதும், அடி போதும், கண்ணுக்குத் தெரியாத நிலைமின்னூட்டத்தின் ஒரு பொறி போதும். பிளாஸ்டிக் சீப்பால் உலர்ந்த கூந்தலை வாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளுக்கு அருகே கொண்டுபோனால் அவை தாவி ஒட்டிக்கொள்கின்றனவல்லவா? அதே மின்னூட்டம் நைலான் புடவையிலும் சேர்கிறது. காற்று ஈரமாயிருந்தால் அது மெல்ல வழிந்துபோகும். காற்று வறண்டிருந்தால் தேங்கி நிற்கும். இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். நம் கரிசல் பூமியின் வறண்ட வானிலைதான் தீப்பெட்டித் தொழிலையும் பட்டாசுத் தொழிலையும் இங்கே வளர்த்தது. குச்சியும் காகிதமும் மருந்தும் நன்கு உலர வேண்டுமே! 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த சிவகாசிப் பெரியவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்த மண்ணில் வெற்றி கண்டதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். அதே வறட்சிதான் கோடையில் மின்னூட்டத்தைத் தேக்கி ஆபத்தையும் கூட்டுகிறது.

ஆகவேதான் மருந்து அறையில் பருத்தி உடை அணியச் சொல்கிறார்கள். உள்ளே நுழையுமுன் தரையோடு இணைக்கப்பட்ட உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். நாம் ‘எர்த்’ என்று சொல்வது இதைத்தான். தகட்டைத் தொடுவது ஏதோ சம்பிரதாயம் என்று எண்ணித் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. காரணம் தெரிந்தவர் தாண்டிப் போகமாட்டார். அந்தத் தகடு உண்மையில் மண்ணோடு நல்ல தொடர்பில் இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும், இன்னும் சிறந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிக்கவும் மின்பொறியியலும் வேதியியலும் கற்றவர்கள் வேண்டும். அவர்கள் இந்த மண்ணின் பெண்களாக, அந்த அறைகளுக்குள் வேலை செய்த தாயின் மக்களாக இருந்தால் அக்கறை ஒரு படி கூடுதலாக இருக்கும் என்பது நம் எண்ணம்.

லலிதாவுடன் படித்த இருவரையும் மறந்துவிடலாகாது. லீலாம்மா ஜார்ஜ் திருவிதாங்கூர்ப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். திரேசியாவின் கதை நம் பள்ளிக் குடும்பத்துக்கு இன்னும் நெருக்கமானது. திருச்சூர்ப் பகுதியில் எடத்திருத்தி என்னும் சிற்றூரில் ஒரு கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் 1924-இல் பிறந்தவர் அவர். கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, முளங்குன்னத்துக்காவு காசநோய் மருத்துவமனைக் கட்டுமானத்தில் தொடக்ககாலப் பணியாற்றினார். படிப்படியாக உயர்ந்து 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. சாலைத் தாரில் ரப்பரைக் கலக்கும் முறையை முயன்று பார்த்தவர்களில் ஒருவர். கேரளத்தின் பாலங்களையும் சாலைகளையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1979-இல் ஓய்வு பெற்றார். மூவரில் புகழ் லலிதாவுக்கே போய்ச் சேர்ந்தது. பதவியில் எட்டிய உயரம் திரேசியாவுடையது.

லலிதா 1953-இல் இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் இணை உறுப்பினராகவும், 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்கப்பட்டார். 1964-இல் பெண் பொறியாளர், அறிவியலாளரின் முதல் உலக மாநாடு நியூயார்க்கில் நடந்தபோது தம் சொந்த முயற்சியில் சென்று கலந்துகொண்டார். புடவை உடுத்து வந்த அவரைக் கண்டு வியந்த பத்திரிகைக்காரர்களிடம், 150 ஆண்டுகளுக்கு முன்னர் என்றால் தம்மைக் கணவரின் சிதையில் ஏற்றியிருப்பார்கள் என்று அமைதியாகச் சொன்னார். அடுத்த ஆண்டு, அவர் பிறந்த அதே ஆண்டில் பிறந்த இங்கிலாந்துப் பெண் பொறியாளர் சங்கம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. 1967-இல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியாவின் பிரதிநிதி அவரே. 1979-இல், 60 வயதில் மறைந்தார். மகளை அவர் படிக்கவைத்து ஆளாக்கினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1940-இல் விருதுநகரிலிருந்து ஒரு பெண் பொறியியல் படிக்க எண்ணியிருந்தால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிண்டிக்குப் போயிருக்க வேண்டும். மதுரையில் தியாகராசர் பொறியியற் கல்லூரி வந்தது 1957-இல். திருநெல்வேலி அரசுக் கல்லூரி 1981-இல். 1984-இல் சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கிருஷ்ணன்கோயிலில் கலசலிங்கம், கோவில்பட்டியில் நேஷனல் என்று ஒரே ஆண்டில் மூன்று கல்லூரிகள் எழுந்தன. விருதுநகரிலேயே காமராசர் பெயரால் 1998-இல் ஒன்று. மெப்கோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? திருமங்கலத்தில் அலுமினியத் தூள் செய்யும் நிறுவனத்தின் பெயர் அது. வாணவேடிக்கையில் வெள்ளையாக ஒளிர்கின்ற அதே தூள்தான்! காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம், “வயதுப் பெண்ணை வெளியூர் விடுதிக்கு அனுப்புவதா?” என்ற கேள்விக்கு இடமேயில்லை.

சேரும் முறையும் ஒளிவுமறைவற்றது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் 50-க்கு 50-ஆகவும் மாற்றப்பட்டு, மொத்தம் 200-க்குத் தரவரிசை. தனியே நுழைவுத் தேர்வு இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியானால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு தீர்மானம் பத்தாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பதினோராம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவை விட்டுவிட்டால் பிறகு பொறியியலுக்குத் திரும்புவது மிகக் கடினம். “கணக்கு பெண் பிள்ளைக்குக் கஷ்டம், வேறு குரூப் எடுத்துக்கொள்ளட்டும்” என்று வீட்டில் ஒரு வார்த்தை விழுகிறதே, அந்த வார்த்தை விழுமுன் பெற்றோர் ஒருமுறை மகளின் கணித ஆசிரியையையும் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டுகிறோம்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியர்க்குக் கோடை விடுமுறையில் செய்து பார்க்க ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ, அண்டை ஆபீசிலோ உள்ள எர்த் குழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதையும் தொட வேண்டாம், பார்த்தால் போதும். அதில் கரியும் உப்பும் ஏன் போடுகிறார்கள், சித்திரை வைகாசியில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மின்பணியாளர் ஏன் சொல்கிறார் என்று எண்ணி எழுதி, பள்ளி திறந்ததும் இயற்பியல் ஆசிரியையிடம் காட்டுங்கள்.